வெள்ளிக்கிழமை பேக்கப்

போன வாரம் என் பழைய லேப்டாப்புக்கு ஹார்ட் டிஸ்க் மாற்றினேன். பெரிய காரியம் போலச் சொல்கிறேன், உண்மையில் கால் மணி நேர வேலை. கூரியரில் வந்த புது டிஸ்கில் எடையே இல்லை. காலிப் பெட்டியை அனுப்பிவிட்டார்களோ என்று ஆட்டிக்கூடப் பார்த்தேன். பழையதை உருவி எடுத்ததும் உள்ளங்கையில் அது கனத்தது. என்ன நினைத்தேனோ, அதைக் காதில் வைத்துக் கேட்டேன். பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்து, "இன்னாம்மா, அதுல பாட்டா பாடுது?" என்றாள். ஒன்றுமில்லை என்று கீழே வைத்துவிட்டேன்.

லேப்டாப்பைப் பிரித்தால் ஒரு தூசி வாசனை வரும், கவனித்திருக்கிறீர்களா? கொஞ்சம் சூடு, கொஞ்சம் துணி, பழைய பீரோவைத் திறந்த மாதிரி. வீட்டுத் தூசி சாம்பல் நிறத்தில் இருக்கும். நான் முதன்முதலில் பிரிக்கக் கற்றுக்கொண்ட மெஷின்களில் தூசி செம்பழுப்பாக இருந்தது. தோலைத் தேய்த்து மழமழப்பாக்கும்போது பறக்கிற பொடி அது. ஃபேன் இறக்கையில் ஏலக்காய்த் தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நகக்கண்ணில் போனால் இரண்டு நாளைக்குச் சோறு தோல் வாசனை அடிக்கும்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் 'சிஸ்டம்ஸ்'. பதவியின் பெயர் அது. ஆனால் என் பெயரே அதுதான் என்பது போல எல்லோரும் பேசினார்கள். "சிஸ்டம்ஸ் சாப்ட்டாச்சா?" "சிஸ்டம்ஸ் இன்னிக்குப் புதுச் சுடிதாரா?" வேலூரில் ஹார்ட்வேர் கோர்ஸ் படித்த இருபத்துமூன்று வயதுப் பெண் என்பதால், எனக்குக் கம்ப்யூட்டரில் தெரியாதது எதுவுமில்லை என்று அவர்களும் நினைத்தார்கள், நானும் நினைத்தேன். சத்துவாச்சாரியிலிருந்து பஸ், காட்பாடியிலிருந்து ரயில். வண்டி ஆம்பூரை நெருங்கும்போது ஊற வைத்த தோலின் நாற்றம் உள்ளே ஏறும். வெளியூர்க்காரர்கள் அவசரமாக ஜன்னலை இறக்குவார்கள். சீசன் டிக்கெட்காரர்களான நாங்கள் அந்த நாற்றத்தை வைத்துத்தான் தூக்கத்திலிருந்து எழுந்திருப்போம்.

அந்தக் கம்பெனிக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. முதலாளிகள் ஜும்மாவுக்குப் போகிறவர்கள், தொழிலாளர்களில் பாதிப்பேரும் அப்படியே. ஞாயிறு எங்களுக்கு முழு வேலைநாள். இதனால் வீட்டில் எனக்கும் அம்மாவுக்கும் ஓயாத சண்டை. "ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு வராத பொண்ணுன்னு பாஸ்டரம்மா கேக்குறாங்க, நான் இன்னா சொல்லட்டும்?" என்பாள். வெள்ளிக்கிழமை நான் பத்து மணி வரைக்கும் தூங்கி, எண்ணெய் தேய்த்துக் குளித்து, ஊரெல்லாம் வேலை செய்கிற நாளில் மகாராணி மாதிரி மொட்டைமாடியில் தலை உலர்த்துவேன். வெள்ளிக்கிழமை ஆம்பூர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. இது ஏதோ போகிற போக்கில் சொல்கிற விஷயமில்லை, இதில்தான் எல்லாமே கெட்டது.

ஷமீமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எங்கள் மெர்ச்சண்டைசர். அதாவது வெளிநாட்டில் ஷூ வாங்குகிற பையருக்கும் இங்கே தைக்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிறவள். அவர் "குதிகால் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்பார். இவள் அதை எத்தனை மில்லிமீட்டர் என்று பிடித்து, படத்தோடு ஒரு தாளில் ஏற்றி, மாதிரி ஜோடி தைக்கிற சாம்பிள் ரூமுக்கு அனுப்புவாள். அந்தத் தாளுக்கு ஸ்பெக் ஷீட் என்று பெயர். ஒரு மாடலுக்கு ஒரு ஷீட். ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள், கோபம் வந்தால் மூடமாட்டாள். அந்த சீசனில் முதன்முறையாக ஒரு ஜெர்மன் பையரை மேனேஜர் முழுசாக அவள் கையில் கொடுத்திருந்தார். முப்பத்திரண்டு மாடல். அதற்குமுன் அந்த பையரைப் பார்த்துக்கொண்டவர் ஒரு சீனியர். அவர் பக்கத்து மேஜையிலேயே உட்கார்ந்து இவள் எங்கே சறுக்குவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். "இது மட்டும் ஒழுங்கா முடிஞ்சதுன்னா, இனிமே இந்தப் பையர் என்னுதுப்பா" என்று தினமும் என்னிடம் சொல்வாள்.

அந்த முப்பத்திரண்டு ஷீட்டும் அவளுடைய லேப்டாப்பில் இருந்தன. யாரோ ஒரு டைரக்டர் பயன்படுத்தித் தள்ளிவிட்ட கிழட்டு மெஷின், செங்கல் கனம். அது போய்விட்டால் என்ன செய்வது என்று மேனேஜர் கேட்டபோது நான் ஒரு ஏற்பாடு செய்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட ஏற்பாடு. வேலை நடக்கும்போது காப்பி எடுத்தால் நெட்வொர்க் திணறுகிறது. ஆகவே யாருமே இல்லாத வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு, அவள் மெஷினில் உள்ளதெல்லாம் தானாகவே சர்வருக்குப் போய்ச் சேரும்படி வைத்தேன். அவள் செய்ய வேண்டியது, வியாழன் சாயங்காலம் லேப்டாப்பை வயரோடு ஆஃபீஸிலேயே விட்டுவிட்டுப் போவது. அவளும் தவறாமல் அப்படியே செய்தாள். சனிக்கிழமை காலையில் நான் பேக்கப் ரிஜிஸ்டரில் 'எடுக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். எடுத்திருக்கிறதா என்று ஒரு தடவைகூடத் திறந்து பார்த்ததில்லை. நான் செட் பண்ணியது ஓடாமல் எங்கே போகும் என்ற திமிர்தான்.

அந்த ஜெர்மன்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது. கொஞ்சம் திருத்தம் பாக்கி இருக்கிறதென்று ஷமீமா அந்த வியாழக்கிழமை மட்டும் லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப் போனாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் போன் அடித்தது.

"சிஸ்டம்ஸ், லேப்டாப் ஆன் ஆவல. டக்கு டக்குன்னு சத்தம் வருதுப்பா."

"எந்தப் பக்கத்துலேர்ந்து?"

"இடது கை வெக்கிற எடத்துல. நீயே கேளு" என்று போனை மெஷினிடம் காட்டினாள். கேட்டது. பூட்டிய கதவை உள்ளிருந்து ஒருவர் விடாமல் தட்டுகிற மாதிரி. ஹார்ட் டிஸ்கின் முள் இடம் தெரியாமல் அடித்துக்கொள்கிற சத்தம் அது. எனக்குப் பயமே வரவில்லை. "பேஜார் ஆவாத. போன வாரம் வரைக்கும் சர்வர்ல பேக்கப் இருக்கு. நான் புது டிஸ்க் எடுத்துட்டு வர்றேன், மாட்டிட்டா சரியாயிடும்" என்றேன். அவள் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது.

அந்த நாட்களில் அவசரச் சாமான் வரவழைக்க ரயிலைவிட நல்ல கூரியர் கிடையாது. சென்னையில் எங்களுக்கு டிஸ்க் கொடுக்கிற வியாபாரி வீட்டிலேயே ஸ்டாக் வைத்திருப்பார். அவர் காலை வண்டியில் தெரிந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, "எஞ்சின்லேர்ந்து மூணாவது பெட்டி, ஊதா கலர் சட்டை" என்று சொன்னார். அதே வண்டியில்தான் நான் காட்பாடியில் ஏற வேண்டும். மூன்றாவது பெட்டியில் ஊதாச் சட்டைக்காரர்கள் இருவர் இருந்தார்கள். முதலாமவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டாமவர் மடியில் என் டிஸ்க், டிஃபன் பாக்ஸோடு ஒரே பையில் இருந்தது.

ஆம்பூரில் இறங்கி, நேராக ஷமீமா வீட்டுக்குப் போகாமல் கம்பெனிக்குப் போனேன். பேக்கப்பை ஒரு சிடியில் எடுத்துக்கொண்டு போகலாம் என்று. கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்.

"இன்னா மேடம், வெள்ளிக்கெழமையில?"

"சர்வர் ரூம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேண்ணா."

"போய் இன்னா பண்ணுவீங்க? கரண்ட் இல்லியே."

"கட்டா?"

"கட் இல்ல மேடம். மெயின் நான்தான் எறக்கி வெச்சிருக்கேன். சொல்யூஷன் ரூம்ல பசை டின்னு பக்கத்துல ஒரு தபா பொறி பறந்துச்சு இல்ல, அப்பலேர்ந்து பெரியவரு ஆர்டர். வெள்ளிக்கெழமை காலையில எறக்கினா சனிக்கெழமை காலையிலதான் ஏத்துவேன்."

"எப்பலேர்ந்துண்ணா?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தே ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. சனிக்கிழமை மெயினை ஏற்றியதும் சர்வர் தானாக உயிர் பெற்றுவிடும். நான் வரும்போது எல்லா விளக்கும் மினுக்கிக்கொண்டிருக்கும். எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும், அதுதான் பதில். வாட்ச்மேனைக் கெஞ்சி ஐந்து நிமிடம் மெயினை ஏற்றச் சொன்னேன். சர்வரைத் திறந்து அவள் பெயரிலிருந்த ஃபோல்டரைப் பார்த்தேன். காலி. ஒரு ஷீட்கூட இல்லை. அந்த ஏ.சி. இல்லாத அறையில் எனக்குக் குளிர்ந்தது. ஓடிப்போய்விடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன், அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்றுகூட.

ஷமீமா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. ஆண்கள் வெள்ளைச் சட்டையில் பள்ளிவாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெயின், வெள்ளிக்கிழமை, காலி ஃபோல்டர், நான் பார்க்காமல் போட்ட இருபது கையெழுத்து. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். "சரி, உள்ள வா. இந்த டிஸ்க் ஓடுமா, அத்த மட்டும் பாரு" என்றாள்.

அவள் அண்ணனுடைய கம்ப்யூட்டர் கூடத்தில் இருந்தது. லேப்டாப்பைக் கவிழ்த்து, இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி, டிஸ்கை உருவினேன். ஷமீமா எட்டிப் பார்த்து, "ஐயோ, ஒரு பின் உடைஞ்சிருக்கே!" என்று கத்தினாள். இரண்டு வரிசை ஊசிகளுக்கு நடுவில் ஒன்று இல்லைதான். "அது கம்பெனியிலேயே அப்படித்தான், தலைகீழா சொருகாம இருக்க" என்று சொன்னேன். பழைய டிஸ்கை அண்ணன் மெஷினில் இணைத்தேன். டக், டக், டக். திரையில் ஒன்றும் வரவில்லை.

அப்போது எங்கள் ஜாதியில், அதாவது ஹார்ட்வேர்காரர்கள் ஜாதியில், ஒரு கடைசி வைத்தியம் இருந்தது. சாகிற டிஸ்கை பிளாஸ்டிக் கவரில் கட்டி ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்தால், சில சமயம் சிறிது நேரம் உயிர் வரும். அவள் அம்மா ஃப்ரீசரைத் திறந்தார். மறுநாள் விருந்துக்கு வாங்கிய கறி உள்ளே அடைத்துக்கொண்டிருந்தது.

"இத்த எதுக்கும்மா இதுல வெக்கிற?"

"சூடு ஜாஸ்தியாயிடுச்சு ஆன்ட்டி."

"ஃபேனுக்குக் கீழ வெச்சா ஆறாதா?" என்றவர், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறொன்றும் கேட்காமல் ஒரு கறிப் பொட்டலத்தை வெளியே எடுத்து இடம் செய்துகொடுத்தார். அந்த ஒரு மணி நேரத்தில் லேப்டாப்பில் புது டிஸ்கை மாட்டி விண்டோஸ் ஏற்ற ஆரம்பித்தேன். எனக்குத் தட்டில் பிரியாணி வந்தது. ஆம்பூரில் வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் உட்கார்ந்து பிரியாணியை மெல்ல முடியாமல் வைத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த டிஸ்கை ஈரம் துடைத்து மாட்டினோம். சத்தம் இல்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, பிறகு டிஸ்க் சீராகச் சுற்றுகிற ஓசை. ஷமீமா என் தோளைப் பிடித்தாள். ஃபோல்டர் திறந்தது. முப்பத்திரண்டு பெயர்கள். காப்பி போட்டேன். படங்களோடு கூடிய கனமான ஷீட்டுகள், ஒவ்வொன்றாக ஊர்ந்தன. அவள் விரல் விட்டு எண்ணினாள், உதடு மட்டும் அசைந்தது. பதினொன்று. பதினெட்டு. இருபத்தைந்து. இருபத்தாறு முடிந்ததும் டக் என்றது. அப்புறம் டக் டக் டக். மறுபடி ஃப்ரீசரில் வைத்தோம், இரண்டு மணி நேரம். அந்த டிஸ்க் பிறகு பேசவே இல்லை.

ஆறு ஷீட் போயிற்று. சனிக்கிழமை காலை முதல் ஆளாக சாம்பிள் ரூமுக்குப் போனோம். ஷூ கம்பெனிகளில் ஒரு பழக்கம் உண்டு: சாம்பிள் ஜோடியில் ஒரு காலை பையருக்குக் கொடுத்துவிட்டு, இன்னொரு காலை நாம் வைத்துக்கொள்வோம். அலமாரி முழுக்க ஒற்றைக்கால் ஷூக்களாகத் தொங்கும். அப்படி ஐந்து மாடல்களின் ஒற்றைக் கால் கிடைத்தது. ஷமீமா அளந்து, நினைவிலிருந்து திருத்தங்களை எழுதி, ஐந்து ஷீட்டையும் மதியத்துக்குள் திரும்பச் செய்துவிட்டாள். ஆறாவது ஒரு கணுக்கால் பூட்ஸ். அதற்கு இங்கே கால் இல்லை. போன தடவை பையரின் மனைவிக்கு அது அளவாக இருந்ததால், ஜோடியாகவே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"குதிகால மூணு மில்லி ஏத்தச் சொன்னாரா, எறக்கச் சொன்னாரா? எனக்கு ஞாபகம் வரலியே. மெயில் போட்டு அவரையே கேட்டுடட்டா?" என்றாள்.

"வேணாம்பா. கேட்டா ஃபைல் போச்சுன்னு தெரிஞ்சுடும்" என்றேன். அவளுக்காகச் சொன்னதாக அன்று நினைத்தேன். எனக்காகத்தான் சொன்னேன். அவள் கண்ணை மூடி யோசித்து, 'ஏற்றம்' என்று எழுதினாள். சாம்பிள் ரூமில் அன்றிரவே அதன்படி ஒரு ஜோடி தைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் முப்பத்தோரு மாடலையும் தடவித் தடவிப் பார்த்துத் தலையாட்டினார். பூட்ஸைக் கையில் எடுத்ததும் மேஜைமேல் நிறுத்தினார். இறங்க வேண்டிய குதிகால் ஏறியிருந்தது. மேனேஜர் பக்கம் திரும்பி, பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து ஒரு சின்ன இடைவெளி காட்டினார். பிறகு அந்த சீனியர் எங்கே, அவரைக் கூப்பிடுங்கள் என்றார்.

சாயங்காலம் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். ஷீட் ஏன் தப்பாயிற்று என்பதற்குக் காரணம் தெரிய வேண்டும் அவருக்கு. டிஸ்க் போனதைச் சொன்னோம். "அதுக்குத்தானே பேக்கப்? வாராவாரம் எடுத்ததா ரிஜிஸ்டர்ல எழுதியிருக்கே?" என்று என்னைப் பார்த்தார்.

என் வேலை நிரந்தரமாக ஒரு மாதம் பாக்கி இருந்தது. வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் ஷமீமா சொன்னாள்: "லேப்டாப்ப நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்டுவேன் சார். அதனால சர்வர்ல ஏறல. இவங்க எங்கிட்ட சொல்லித்தான் இருந்தாங்க."

மேனேஜர் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார், ரிஜிஸ்டரை மறந்தே போனார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு வாயை மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாளே பேக்கப்பைப் புதன்கிழமைக்கு மாற்றினேன், யாரிடமும் சொல்லாமல். அடுத்த வாரம் அந்த பையர் சீனியர் மேஜைக்குப் போனார். ஷமீமாவைப் பேக்கிங் லிஸ்ட் அடிக்கிற வேலைக்குப் போட்டார்கள். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று. கேன்டீனில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தேன், அவளுக்கும் கொடுத்தேன். எடுத்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து அவள் வேலையை விட்டாள். கல்யாணம், பெங்களூர். கடைசி நாள் என்னோடு ஸ்டேஷன் வரை நடந்து வந்தாள். பிளாட்பாரத்தில் என் வண்டி வருவதற்காக நின்றோம். சும்மா இருக்க முடியாமல், "அன்னிக்கு நீ ஏன்பா அப்படிச் சொன்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"உன் மூஞ்சப் பாத்தா பாவமா இருந்துச்சு. அந்த நிமிசத்துக்கு உன்ன வெளிய இழுத்துடலாம்னு சொன்னேன். அப்புறம் நீயே போய் சார்கிட்ட சொல்லுவியான்னு ஒரு வாரம் பாத்தேன்." முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம் வுட்டுட்டேன்."

வண்டி வந்தது. நான் ஏறினேன். அவள் கையாட்டினாள், கோபமில்லாமல். கோபத்தோடு ஆட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள், அந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. மேனேஜர் காலமாகிவிட்டார் என்று கேள்வி. அவள் வீடிருந்த தெருவில் ஒருநாள் இறங்கி விசாரித்தேன். வீட்டை விற்றுவிட்டு எல்லோரும் எப்போதோ போய்விட்டார்கள், எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. போன வாரம் லேப்டாப் ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக இணையத்தில் அவள் பெயரைத் தேடினேன். அதே பெயரில் பக்கம் பக்கமாகப் பெண்கள். ஒருவர் முகம் கொஞ்சம் அவள் சாயல். நீங்க ஆம்பூரா என்று எழுதினேன். பத்தே நிமிடத்தில் பதில் வந்தது: "இல்லைங்க, நான் திருநெல்வேலி. ஏங்க, ஏதாவது அவசரமா?"

அவசரம் ஒன்றும் இல்லைங்க என்று எழுதினேன். பொய்யில்லை. அவசரமாகச் சொல்ல வேண்டிய ஒரு வாரம் இருந்தது. அது முடிந்து பதினெட்டு வருடம் ஆகிறது.